ராணி தண்ணீர் குடித்த சுனை

ஸ்காட்லாந்தில் எட்ஸெல் ஊரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதுமே போனில் சிக்னல் போய்விட்டது. கிளென் எஸ்க் பள்ளத்தாக்குக்குள் நுழையும் சாலை ஒரு வண்டி மட்டும் போகிற அகலம். எதிரே கார் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். இன்வர்மார்க்கில் தார் ரோடு முடிகிறது. காரை அங்கேயே நிறுத்திவிட்டு நானும் மனைவியும் சுனையைப் பார்க்க நடக்க ஆரம்பித்தோம்.

வழியில் இன்வர்மார்க் கோட்டையின் இடிபாடு தெரியும். வாசலைத் தரையில் வைக்காமல் முதல் மாடியில் வைத்திருக்கிறார்கள். மாடு திருட வருகிற கூட்டத்துக்கு அவ்வளவு பயம்! அங்கிருந்து வலப்பக்கம் திரும்பினால் கிளென் மார்க். ஏறக்குறைய 4 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம்தான். ஆகஸ்ட் கடைசி என்பதால் மலைச்சரிவு முழுக்க ஹெதர் என்ற புதர்ச்செடி பூத்து ஊதா நிறமாகக் கிடந்தது. எங்களை முந்திப் போனவர்கள் எல்லோரும் கீன் மலை ஏறப் போகிறவர்கள். 939 மீட்டர். மூவாயிரம் அடிக்கு மேலான ஸ்காட்லாந்து மலைகளை மன்றோ என்கிறார்கள். அவற்றில் கிழக்குக் கோடியில் இருப்பது இதுதான். மனைவியின் முழங்காலை முன்னிட்டு நாங்கள் சுனையோடு நிறுத்திக்கொண்டோம். (என் முழங்காலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.)

வரைபடத்தில் இதன் பெயர் 'குவீன்ஸ் வெல்'. வெல் என்றதும் நமக்குக் கிணறும் ராட்டினமும் கயிறும்தான் நினைவுக்கு வரும். இங்கே அதெல்லாம் கிடையாது. தரையிலிருந்து தானாகச் சுரந்து வருகிற நீர். நம் ஊர்க் குன்றுகளில் சுனை என்போமே, அதேதான். ஆனால் அதன் மேல் கல் வளைவுகளை எழுப்பி உச்சியில் சேர்த்துக் கிரீடம்போலக் கட்டியிருக்கிறார்கள். தூரத்தில் பார்த்ததும் மனைவி சொன்னாள்: "பஞ்சாரத்தைக் கவுத்து வச்ச மாதிரி இருக்கு." அதற்குப் பிறகு எனக்கும் கிரீடம் தெரியவில்லை, கோழி மூடுகிற பஞ்சாரம்தான் தெரிந்தது.

1861 செப்டம்பர் 20 அன்று விக்டோரியா ராணியும் கணவர் ஆல்பர்ட்டும் தங்கள் பால்மோரல் அரண்மனைப் பக்கத்திலிருந்து மட்டக்குதிரைகளில் கீன் மலையைத் தாண்டி இங்கே இறங்கினார்கள். இந்தச் சுனையில் தண்ணீர் குடித்தார்கள். அன்று இரவு ஃபெட்டர்கெய்ர்ன் ஊரில் ஒரு விடுதியில், தாங்கள் யார் என்று ஊருக்குத் தெரியாமல் தங்கினார்கள். மூன்று மாதம்கூட ஆகவில்லை, டிசம்பர் 14-ல் ஆல்பர்ட் இறந்துபோனார். பின்னால் பதித்த கல்வெட்டில் அந்தச் செப்டம்பர் நாளைப் பொறித்துவிட்டு, 'மாட்சிமை தங்கிய ராணியின் பெருந்துயர ஆண்டு' என்று முடித்திருக்கிறார்கள். சந்தோஷமாகத் தண்ணீர் குடித்த நாளைச் சொல்ல வந்த கல்லில் சாவும் வந்து உட்கார்ந்துவிட்டது. என்னைக் கேட்டால், கிரீடத்தைவிட அந்த ஒரு வரிதான் பார்க்க வேண்டியது.

இதைக் கட்டியவர் டல்ஹவுசி பிரபு. பெயரைப் படித்ததும் பள்ளிக்கூடத்து வரலாற்றுப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அவர் இவர் இல்லை. ஆண் வாரிசு இல்லாத ராஜ்ஜியம் கம்பெனிக்கே என்ற வாரிசு இழப்புக் கொள்கையைக் கையில் வைத்துக்கொண்டு ராஜ்ஜியங்களை விழுங்கிய கவர்னர் ஜெனரலின் சித்தப்பா மகன் இவர். வேடிக்கை என்னவென்றால், அந்தக் கவர்னர் ஜெனரலுக்கே ஆண் வாரிசு கிடையாது, இரண்டும் பெண்கள். 1860-ல் அவர் இறந்தபோது மார்க்விஸ் பட்டம் அவரோடு போயிற்று. பரம்பரை ஏர்ல் பட்டம் மட்டும் சித்தப்பா மகனுக்கு வந்தது. யாரும் குறுக்கே நிற்கவில்லை. தஞ்சாவூரில் நடந்தது வேறு. 1855-ல் இரண்டாம் சிவாஜி மகன் இல்லாமல் இறந்ததும் கம்பெனி ராஜ்ஜியத்தோடு அரண்மனைச் சொத்தையும் எடுத்துக்கொண்டது. மூத்த ராணி காமாட்சி பாய் வழக்குப் போட்டார். சென்னை சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்தார். 1859-ல் மேல்முறையீட்டை விசாரித்த லண்டன் பிரிவி கவுன்சில், இது அரசின் செயல், நீதிமன்றம் தலையிட முடியாது என்று தீர்ப்பைத் திருப்பிவிட்டது. விக்டோரியா ராணி குதிரையில் இங்கே வந்து இறங்குவதற்கு இரண்டே வருடம் முன்பு.

வளைவுக்கு அடியில் போய்க் குனிந்தேன். கல் தொட்டியைச் சுற்றி இரண்டு வரிப் பாட்டு: வழிப்போக்கனே, இந்தத் தனித்த பசும்புல்லில் இளைப்பாறு, நீர் குடித்து ஸ்காட்லாந்தின் ராணிக்காக வேண்டிக்கொள். இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தேன். பல் கூசியது. ருசி என்று எதுவும் இல்லை, நல்ல தண்ணீருக்கு அப்படித்தானே இருக்க வேண்டும்.

"வேண்டிக்கிட்டீங்களா?" என்றாள்.

"ம். தஞ்சாவூர் ராணிக்கு."

"சரி, பாட்டிலை நிரப்புங்க. அந்தப் பக்கம் மழை இறங்குது."