அமெரிக்காவில் படிக்கும்போதே யுனிவர்சிட்டி மாற

புது இடத்தில் அட்மிஷன் கைக்கு வரும்வரை பழையதை விடாதீர்கள். வந்ததும் பழைய யுனிவர்சிட்டியில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்கும் அதிகாரியான டி.எஸ்.ஓ.விடம் செவிஸ் ரிலீஸ் தேதி கேளுங்கள். செவிஸ் என்பது வெளிநாட்டு மாணவர் ரெக்கார்டுகளை வைத்திருக்கும் அமெரிக்க அரசின் கணினிப் பதிவு; அதில் உங்கள் ரெக்கார்டைப் பழைய இடம் விடுவிக்கும் நாள்தான் ரிலீஸ் தேதி. சிக்கலெல்லாம் இந்தத் தேதியில்தான். அதற்கு முன் மனம் மாறினால் ரத்து செய்யலாம். தேதி வந்துவிட்டால் ரெக்கார்டு புது இடத்துக்குப் போய்விடும். பழைய கேம்பஸ் வேலையும் அன்றோடு சரி, ஓ.பி.டி. எனும் படிப்பு சார்ந்த வேலை அனுமதியும்கூட. அதனால் செமஸ்டர் முடிந்தபிறகு வரும் தேதியாகக் கேளுங்கள். ஆனால் ரிலீஸிலிருந்து 5 மாதத்துக்குள் புது வகுப்பு தொடங்கியாக வேண்டும்.

செவிஸ் எண் மாறாது. லீவுக்குச் சென்னை வந்தால் புது யுனிவர்சிட்டி தரும் ஐ-20 (மாணவர் தகுதிச் சான்று) இல்லாமல் திரும்ப விமானம் ஏறாதீர்கள். விசாவில் பழைய யுனிவர்சிட்டியின் பெயர் இருந்தாலும் காலாவதியாகாதவரை செல்லும். புது விசாவுக்காக ஜெமினி மேம்பாலம் பக்கம் உள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போக வேண்டியதில்லை. லோன் கொடுத்த பேங்க் கிளைக்கு மட்டும் அப்பாவை அனுப்பிச் சொல்லிவிடுங்கள். ஃபீஸ் பழைய யுனிவர்சிட்டிக்கே போய்விட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு.