அப்ப சரிங்க அண்ணே

“நீங்க எங்க தோட்டமா அண்ணே?”

“இல்ல தங்கச்சி, பக்கத்துத் தோட்டம்.”

“அப்ப சரிங்க அண்ணே.”

2020 ஜனவரியில் என் கடையில் நடந்த பேச்சின் கடைசி மூன்று வரிகள் இவை. இதற்கு முந்திய வரி, நான் சொன்ன விலை. 60,000 ரூபா. அவள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கூட வந்த இரண்டு பையன்களையும் பார்த்துத் தலையசைத்துவிட்டு இறங்கிப் போனாள். கோபமில்லை, பேரமும் இல்லை. அந்த “அப்ப சரி”க்கு என்ன பொருள் என்றுதான் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. நான் அவர்கள் தோட்டத்து ஆளாக இருந்திருந்தால் குறைத்துக் கேட்டிருப்பாளா? அல்லது, எங்கள் ஆளாக இருந்தால் இப்படிச் செய்திருக்க மாட்டீர்கள், வெளியாள்தானே, அப்ப சரி என்றாளா?

அவள் கேட்டு வந்தது ஒரு டொமைன் பெயர், அதாவது இணையத்தள முகவரி. அவர்கள் தேயிலைத் தோட்டத்தின் பெயர், பின்னால் டொட் எஸ்டேட். வெளிநாட்டு விருந்தினரை மலையேற்றிக் காட்டி, லயத்து வீட்டில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், ரொட்டியும் சம்பலும் கொடுத்து அனுப்புவது அவர்கள் திட்டம். நல்ல திட்டம். பெயரைத் தேடிப் பார்த்தபோது “விற்பனைக்கு” என்ற பக்கமும் என் போன் நம்பரும் வந்திருக்கின்றன.

2017இல் அப்படி 11 தோட்டப் பெயர்களை வாங்கி வைத்திருந்தேன். 2012இல், இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பான ஐகான் புதிய எக்ஸ்டென்ஷன்களுக்கு, அதாவது முகவரியின் கடைசியில் டொட்டுக்குப் பின் வரும் சொற்களுக்கு, விண்ணப்பம் கோரியபோது ஒன்றுக்கு 185,000 டொலர் கட்டணம், அப்படியும் 1,930 விண்ணப்பங்கள் போயின. டொட் கொஃபி வந்தது, டொட் வைன் வந்தது. டொட் டீ என்று ஒன்று வரவில்லை. டொட் எஸ்டேட்டைக் கொண்டுவந்தவர்களின் மனதில் இருந்தது வீடு, காணி விற்பனை. ஆனால் எஸ்டேட் என்றால் நமக்கு வேறு எதுவும் இல்லையே. உலகம் கவனிக்காத ஒன்றை நான் கவனித்துவிட்டேன் என்று அப்போது அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் பொய்யில்லை, இன்றும் அந்த யோசனை நல்ல யோசனை என்றுதான் நினைக்கிறேன்.

இந்த மாதிரிச் சின்ன எக்ஸ்டென்ஷன்களில் ஒரு சிக்கல் உண்டு. டொட் கொம்மில் நல்ல சொல் ஒன்றை வைத்திருந்தால் அதை விரும்ப நூறு பேர் இருப்பார்கள். ஒரு தோட்டத்தின் பெயரோடு டொட் எஸ்டேட் வைத்திருந்தால் அதை வாங்கக்கூடியவர் அந்தத் தோட்டத்துக்காரர் மட்டும்தான். சும்மா வைத்திருந்தால் விலை போகாது, பக்கம் கட்டி, படம் போட்டு வளர்க்க வேண்டும் என்பார்கள். நான் ஒன்றே ஒன்றை வளர்த்தேன். மற்றப் பத்தும் கதவில் விலை எழுதி ஒட்டிய வெற்று அறைகள். யாராவது ஒருவர் படியேறி வருவார் என்று மூன்று வருடம் காத்திருந்தேன். வந்தது அவள்.

செலவைச் சொல்கிறேன். ஒரு பெயருக்கு வருடம் 30 டொலருக்கு மேல். அன்றைய மதிப்பில் ஐயாயிரம் ரூபா அளவு. மூன்று வருடத்துக்குப் பதினைந்தாயிரம் ஆகியிருக்கும். நான் கேட்டது நான்கு மடங்கு. மற்றப் பத்துப் பெயர்களின் செலவில் ஒரு பகுதியையும் அந்த ஒரு விற்பனையில் எடுக்கப் பார்த்தேன் என்பது உண்மை. வியாபாரத்தில் அது குற்றமா? மரக்கறிக் கடைக்காரர் அழுகிப்போன தக்காளியின் நட்டத்தையும் நல்ல தக்காளியின் விலையில்தான் சேர்க்கிறார். இலங்கைக்குரிய டொட் எல்கேயில் அல்லது டொட் இலங்கையில் எடுத்துத் தருகிறேன் என்றும் சொன்னேன். டொட் இலங்கை 2010இலிருந்து இருக்கிறது, தமிழிலேயே தட்டலாம். ஆனால் தட்டத் தெரிந்தவர்கள் நாம்தான், அவள் எதிர்பார்த்த விருந்தினர்கள் இல்லை. அதோடு, கொப்பி பண்ணி வேறிடத்தில் ஒட்டினால் பல நேரம் எக்ஸ்என் என்று தொடங்கும் எழுத்துக் குவியலாக மாறிவிடும். இதையெல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டாள்.

அவள் போன அன்றிரவு, 1999இல் ஐகான் ஏற்றுக்கொண்ட டொமைன் தகராறு விதிகளை எடுத்து வாசித்தேன். ஒருவருடைய வர்த்தகக் குறியை, கைச்செலவுக்கு மேல் விலை வைத்து அவருக்கே விற்பதை முக்கிய நோக்கமாகக் கொண்டு வாங்கியிருந்தால், அது கெட்ட எண்ணத்துக்குச் சான்று என்கிறது அது. அவளிடம் வர்த்தகக் குறி எதுவும் இல்லை. லயத்தில் குடியிருப்பவருக்குத் தோட்டத்தின் பெயரில் என்ன பாத்தியதை? நிம்மதியாகப் படுத்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது வயிற்றைப் பிசைகிறது.

ஏனென்றால் அந்த நியாயம் எனக்குப் பழக்கமானது. நான் பிறந்த லயத்துக்கு நம்பர் இருந்தது, முகவரி இருந்ததில்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்குப் போகும். அங்கிருந்து யாராவது கொண்டுவந்தால் உண்டு. எனக்கு வந்த ஒரு நேர்முகப் பரீட்சைக் கடிதம் நாள் முடிந்து நான்கு நாள் கழித்து, ஓரம் நனைந்து, கணக்கப்பிள்ளை வீட்டுப் பையன் கையில் வந்தது. அம்மா அதை அடுப்பு மேட்டில் வைத்துக் காய வைத்தார், காய்ந்தால் பயன்படும் என்பது போல. அந்தத் தாமதத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஆபீஸ்காரர்கள் எந்த விதியையும் மீறவில்லை.

சரி, ஒரு டொமைனையும் அதையும் எப்படிச் சேர்த்துப் பேசுவது என்று என்னையே கேட்டிருக்கிறேன். அவளுக்கு வேறு பெயர் எடுக்கலாம், வழி அடைபடவில்லை. அதுவுமில்லாமல் இரண்டே மாதத்தில் கொரோனா வந்து மலைக்கு ஒரு விருந்தினரும் வராமல் போனார்கள். நான் இலவசமாகக் கொடுத்திருந்தாலும் அந்தப் பெயர் சும்மாதான் கிடந்திருக்கும். இந்த வாதத்தை எத்தனையோ முறை எனக்கே சொல்லிவிட்டேன். ஆனால் ஜனவரியில் விலை சொன்னபோது மார்ச்சில் நடக்கப் போவது எனக்குத் தெரியாதே.

2022இல் டொலர் 350 ரூபாவைத் தாண்டியது. ஐயாயிரம் கட்டிய இடத்தில் பதினோராயிரம். ஏப்ரலில் புதுப்பிக்கப் போனால் அட்டையில் வெளிநாட்டுக் கட்டணம் போகவில்லை. சில வாரச் சலுகைக் காலம், பிறகு கூடுதல் பணம் கட்டி மீட்க 30 நாள், அதற்குமேல் ஐந்து நாளில் பெயரை விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளிக்குள் மூன்று பெயர்களைக் காப்பாற்றினேன். அவளுடையதை விட்டேன். வாங்க இருந்த ஒரே ஆள் வந்து போய்விட்டாள், இனி எதற்கு என்பதுதான் அன்றைய கணக்கு. “அவளுடையது” என்று எழுதுகிறேன். அப்போது அப்படி நினைத்ததில்லை.

அந்தப் பெயரை யாரும் எடுக்கவில்லை. மாதம் ஒருமுறையாவது தட்டிப் பார்ப்பேன், வெறுமையாகவே கிடந்தது. அவள் நம்பர் என் போனில் இருக்கிறது. “பெயர் இப்போது யாரிடமும் இல்லை, நீயே எடுத்துக்கொள்” என்று ஒரு வரி அனுப்பினால் போதும். அனுப்பவில்லை. அவர்கள் இப்போது பேஸ்புக்கில் வேறொரு பெயரில் நடத்துகிறார்கள், படங்கள் நன்றாக இருக்கின்றன. பழைய பெயரைக் கொடுத்தால் வருடா வருடம் டொலர் கட்டும் சுமையையும் சேர்த்துத்தானே கொடுக்கிறேன்? இதுவும் நியாயமாகத்தான் படுகிறது. அதனால்தான் இதை நம்பவும் பயமாக இருக்கிறது.

போன வாரம் நானே அதை மறுபடி எடுத்தேன். அவள் பெயரில் பதிந்து கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். படிவத்தில் பெயரை எழுதினேன். அடுத்த கட்டம் வீதியும் இலக்கமும் கேட்டது, நிரப்பாமல் நகராது. தோட்டத்தின் பெயரையும் மேல்கணக்கு என்ற பிரிவின் பெயரையும் போட்டேன், அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. அவளைக் கேட்காமல் அவள் பெயரைப் போடுவதும் சரியில்லை என்று பட்டது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எல்லாவற்றையும் அழித்தேன். என் பெயரையும் கடை முகவரியையும் போட்டுப் பணம் கட்டினேன்.

“விற்பனைக்கு” பக்கத்தை இந்தமுறை வைக்கவில்லை. அவளுக்கு இன்னும் சொல்லவுமில்லை.