கிளிப்பா, கரையிற தையலா? ஒப்பரேஷன் தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க

ஒப்பரேஷன் முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சு. இன்னமும் குளிக்கும்போது வயித்தைப் பாத்தா கோபம் வருது. வெட்டுத் தழும்பு மெல்லிசா நல்லாத்தான் ஆறியிருக்கு, ஆனா அதுக்கு மேலயும் கீழயும் புள்ளி புள்ளியா ரயில் தண்டவாளம் மாதிரி ரெண்டு வரிசை. அது டொக்டர் வெட்டினதால வந்ததில்ல, வெட்டை மூட தோல்ல அடிச்ச கம்பிக் கிளிப்பை நேரத்துக்கு எடுக்காததால வந்தது.

எனக்கு ரெண்டு பிள்ளையும் சிசேரியன். சின்னவ பொறந்த பொறகு தொப்புளுக்குக் கீழ ஹேர்னியா, நடுவயித்துத் தசையும் பிரிஞ்சு போய் தோல் தொங்கிருச்சு, நின்னு சமைக்கவே முடியல. கண்டியில காட்டினப்ப ஹேர்னியாவையும், தொங்குற வயித்துத் தோலை வெட்டி எடுக்கிற டமி டக்கையும் ஒண்ணாவே செஞ்சிரலாம்னு சொன்னாங்க. அழகுக்காக வயித்தை வெட்டிக்கிறான்னு எங்க தோட்டத்து லயத்துப் பக்கம் பேச்சு வந்திச்சு, பேசுறவங்க பேசட்டும்னு சீட்டுக் காசை எடுத்துட்டுப் போயிட்டேன். அட்மிஷன், ரத்தம், ஈசீஜி எல்லாம் ஒரு கரைச்சலும் இல்லாம முடிஞ்சது.

டொக்டர் கிளினிக்ல படம் கீறியே காட்டினாரு. இடுப்புல இருந்து இடுப்பு வரைக்கும் வெட்டி தோலைக் கீழ இழுத்து மிச்சத்தை எடுப்பாங்க, தொப்புள் அதே இடத்துல நிக்கும், மேல தோல்ல புதுசா ஓட்டை போட்டு அதை வெளிய எடுத்து தனியா தைப்பாங்க. உள்ளுக்குத் தசையை நடுவுல சேத்துத் தைக்கிற நூல் பலமானது, ஒண்ணு கரையவே கரையாது இல்லாட்டி கரைய மாசக்கணக்காகும். அதுக்கு மேல கொழுப்புப் படை, தோலோட அடிப்பக்கம்னு படை படையா கரையிற நூல். இழுவையை எல்லாம் இந்த உள் தையல்தான் தாங்குது. கடைசியா மேல் தோலை மூடுறதுக்குத்தான் பல விதம். தோலுக்குள்ளயே ஓடுற கரையிற நூல் போட்டா வெளிய ஒண்ணும் தெரியாது, ஆனா தைக்க நேரம் எடுக்கும். அதுக்கு மேல தோல் ஒட்டுற பசை பூசினா அது 5 லருந்து 10 நாளைக்குள்ள தானா உரிஞ்சிரும். கிளிப்னா கடகடன்னு அடிச்சு முடிச்சிரலாம், ஆனா யாராவது எடுக்கணும், பிந்தினா புள்ளி விழும். இவ்வளவையும் கேட்டுட்டு, எனக்கு எது போடப் போறீங்கன்னு மட்டும் நான் கேக்கல. கரையிற நூல்தான்னு நானே முடிவு பண்ணிக்கிட்டேன். அந்த ஒரு கேள்விதான் என்னைய இந்தப் பாடு படுத்திருச்சு.

கண் முழிச்சுப் பாத்தா 47 கிளிப். உள்ளுக்குக் குடல் ஒட்டியிருந்ததால நேரம் போயிருச்சு, அதனால மேல கிளிப் அடிச்சோம்னு வாட்டுக்கு வந்தப்ப சொன்னாங்க, அது நியாயம்தான், மயக்கத்துல நெடுநேரம் வச்சிருக்க முடியாதே. புண்ணுக்குள்ள ஊறுற தண்ணியை வெளிய எடுக்கிற டிரெயின் டியூப்ல 24 மணித்தியாலத்துக்கு 30 மில்லிக்குக் கீழ வந்ததும் அதை எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு அனுப்பும்போது தர்ற டயக்னோசிஸ் காட்ல 10ம் நாள் தையல் எடுக்கணும்னு ஒரு வரி. கிளிப்னு இல்ல, எத்தனைன்னு இல்ல, தொப்புள்ல என்ன போட்டிருக்குன்னும் இல்ல. கிட்டத்துல இருக்கிற ஆஸ்பத்திரியில எடுத்துக்கங்கன்னு வாயால சொன்னதோட சரி.

10ம் நாள் வெள்ளிக்கிழமை. திரீவீல் பிடிச்சு, குனிஞ்சபடியே எங்க பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போறேன், மருந்து கட்டுற ரூம்ல காட்டைப் பாத்துட்டு கத்திரியும் கொறடும் எடுத்து வச்சாங்க, வயித்து பெல்ட்டைத் தொறந்ததும்தான் கிளிப்னு தெரியுது, எடுக்கிற சாமான் இங்க இல்ல, தியேட்டர்ல இருக்கு, பொறுப்பான மிஸ்ஸி (நர்ஸ்) லீவு, திங்கக்கிழமை வாங்கன்னாங்க. திங்கக்கிழமை போயா (பௌர்ணமி) லீவு. செவ்வாய் போனா சாமான் இன்னும் கிடைக்கல, அவசரத்துக்குக் கொறடாலயே எடுத்துப் பாப்போம்னு ஒருத்தர் இழுக்க ஆரம்பிச்சாரு. மூணு கிளிப் வர்றதுக்குள்ள ரத்தம் வந்து நான் கத்திட்டேன். போதும்னு கையைப் பிடிச்சு நிப்பாட்டினேன். தயவு செஞ்சு நீங்களும் நிப்பாட்டுங்க, மரியாதைக் குறைவுன்னு நினைச்சு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருக்காதீங்க.

16ம் நாள் விடியக்காலை ஹட்டன்ல பஸ் ஏறி கண்டி. கினிகத்தேனை வளைவுல எல்லாம் தலகாணியை வயித்தோட அமத்திப் பிடிச்சிட்டு இருந்தேன், அது ஒண்ணுதான் உதவிச்சு. அங்க போனா கவுண்டர்ல இருந்த பிள்ளை, டொக்டர் சனிக்கிழமைதான், சனல் பண்ணி நம்பர் எடுத்துட்டு வாங்கன்னு சொல்லுது. கிளிப் எடுக்க மட்டும்தான்மா வந்தேன்னு தமிழ்லயும் சிங்களத்துலயும் சொல்லிப் பாத்தேன், காதுலயே வாங்கல. நான் எந்திரிக்கல. அந்தக் கதிரையிலயே ஒரு மணித்தியாலம் இருந்தேன். அந்தப் பக்கம் போன வயசான மிஸ்ஸி ஒருத்தங்க நான் குனிஞ்சு உக்காந்திருக்கிறதைப் பாத்து, என்னா மகள், எத்தனாவது நாள்னு கேட்டாங்க. பதினாறுன்னதும் முகம் மாறிருச்சு, கையைப் பிடிச்சு உள்ளுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க.

அந்தச் சாமான் சின்னக் கத்திரி மாதிரித்தான் இருக்கு. கீழ்ப்பக்கத்தை கிளிப்புக்கு அடியில விட்டு அமத்தினா கிளிப்போட நடு வளைஞ்சு ரெண்டு காலும் தானா மேல எழும்புது, இழுக்கவே தேவையில்ல. மொதல்ல ஒண்ணு விட்டு ஒண்ணு எடுத்து, வாய் பிரியுதான்னு பாத்துட்டு மிச்சத்தை எடுத்து, குறுக்கால பேப்பர் பிளாஸ்டர் ஒட்டினாங்க. டிரேயில டிக் டிக்னு விழுற சத்தத்தை எண்ணிக்கிட்டே இருந்தேன், 44. பொறகு தொப்புளைத் தொடச்சுப் பாத்தா காஞ்ச பக்குக்கு அடியில கறுப்பு நைலோன் முடிச்சு ரெண்டு, சுத்திச் சிவந்திருக்கு. அது கரையாத நூல். இருக்குன்னே எனக்கும் தெரியாது, எங்க ஊர்லயும் யாரும் பாக்கல.

அதனால இதைச் செய்யிறவங்க, தோலுக்கு என்ன போடுவீங்க, தொப்புளுக்கு என்ன, எந்த நாள் யார் எடுப்பாங்கன்னு முன்னாடியே கேளுங்க. தியேட்டர்ல முடிவு மாறலாம், அதனால வீட்டுக்கு வரும்போது காட்ல திரும்பவும் எழுத வையுங்க. கிளிப்னா, ஒரு தடவை பாவிச்சுட்டு வீசுற ரிமூவர் இருக்கு, ஒண்ணு கையில தந்து விடச் சொல்லுங்க. வயித்து பெல்ட் ரெண்டு வாங்குங்க, நம்ம பக்கத்து மழைக்கும் மூட்டத்துக்கும் ஒண்ணு காயவே காயாது, ஈரத்தோட கட்டினா புண்ணுக்குக் கூடாது. ரெண்டு மாசம் கழிச்சு தழும்புல பரு மாதிரி வந்து அதுல நூல் நுனி தெரிஞ்சா பயப்படாதீங்க, உள்ளுக்குக் கரையிற முடிச்சை உடம்பு வெளிய தள்ளுது, எனக்கும் வந்திச்சு. நீங்களா இழுக்காம கொண்டு போய்க் காட்டுங்க, நறுக்கிட்டு விட்டாங்க, ஆறிருச்சு.

போன மாசம் எங்க சின்னம்மா மகளுக்கும் இதே ஒப்பரேஷன். அவளுக்கு நானே கேள்வியெல்லாம் துண்டுல எழுதிக் குடுத்து விட்டேன். வீட்டுக்கு வர்ற அன்னைக்கு காட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினா: தோலுக்குக் கரையிற நூல், மேல பசை, தொப்புள்ல நைலோன் தையல் 6, அதை 8ம் நாள் எடுக்கணும். எட்டாம் நாள் எங்க ஊர் ஆஸ்பத்திரியிலயே ஆறையும் எண்ணி எடுத்துட்டு பத்து மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துட்டா.