பணக்கார நாடுகளும் பதக்கங்களும்: மூவெட் கட்டுரைக்கு நான் தயாரான விதம்

மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவத்தில், பல்கலைக்கழக நுழைவுக்கான மூவெட் ஆங்கிலத் தேர்வுக்குத் தயாராகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் நான் படித்தபோது பயிற்சித் தேர்வில் வந்த தலைப்பு இது: ‘அனைத்துலகப் போட்டிகளில் பணக்கார நாடுகளால் மட்டுமே வெல்ல முடியும். உங்கள் கருத்து என்ன?’ பணம் இருக்கிறது, வசதி இருக்கிறது, நல்ல பயிற்றுநர்கள் இருக்கிறார்கள் என்று மூன்று பத்தி எழுதிக் கொடுத்தேன். ஆசிரியை மூன்று பத்தியின் ஓரத்திலும் ஒரே சொல்லை எழுதியிருந்தார்: ‘எப்படி?’

அந்தச் சொல்லுக்குப் பதில் தேடித்தான் சனிக்கிழமைகளில் ஃபெரி ஏறி, கிரீன் லேனில் உள்ள பினாங்கு டிஜிட்டல் நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன்.

பணம் பதக்கமாக மாறுவதற்குத் தெளிவான சான்று பிரிட்டன். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அந்த நாட்டுக்குக் கிடைத்தது ஒரே ஒரு தங்கம். பட்டியலில் 36ஆவது இடம். அடுத்த ஆண்டு முதல் லாட்டரிப் பணத்தை உயர்நிலை வீரர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். பயிற்சிச் செலவைப் பற்றிக் கவலைப்படாமல் முழுநேரம் பயிற்சி செய்ய வழி பிறந்தது. 2012இல் 29 தங்கம், மூன்றாவது இடம். சொந்த மண்ணில் நடந்த போட்டி என்பதும் உதவியிருக்கும். ஆனால் 2016 ரியோவிலும் 27 தங்கம் வென்றார்களே!

மறுபக்கத்துக்கு எரிக் முசம்பானியை எடுத்துக்கொண்டேன். ஈக்குவட்டோரியல் கினியாவைச் சேர்ந்த அவர், வளரும் நாடுகளுக்கான சிறப்பு இடத்தில் 2000 சிட்னி ஒலிம்பிக்குக்கு வந்தவர். பயிற்சி செய்தது ஒரு ஹோட்டல் நீச்சல் குளத்தில். 50 மீட்டர் குளத்தை அதற்கு முன் அவர் பார்த்ததே இல்லை. 100 மீட்டரை 1 நிமிடம் 52.72 விநாடியில் முடித்தார். தங்கம் வென்றவருக்கு ஆனது 48.30 விநாடி. இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அவரிடம் முயற்சிக்கு என்ன குறை? குளம்தானே இல்லை?

சரி, அப்படியானால் கென்யா? 2024 பாரிஸில் 11 பதக்கம், எல்லாமே தடகளத்தில். இந்த இடத்தில்தான் கட்டுரை சுவாரசியமாகிறது, இதைத் தவறவிடாதீர்கள். ஓடுவதற்குச் சாலை போதும். பாய்மரப் படகுக்கும் குதிரையேற்றத்துக்கும் பெரும் செலவாகும். ஆக ஏழை நாடு செலவு குறைந்த சில விளையாட்டுகளில் மட்டும் மின்னுகிறது. பணக்கார நாடு எல்லாவற்றிலும் பதக்கம் சேர்க்கிறது. குளிர்கால ஒலிம்பிக்கில் எந்த ஆப்பிரிக்க நாடும் இதுவரை பதக்கம் வாங்கவில்லை. குளிர் மட்டும் காரணமில்லை என்பது என் கருத்து.

சிறிய தீவான செயின்ட் லூசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தை, அதுவும் 100 மீட்டர் தங்கத்தை, பாரிஸில் வென்று தந்தவர் ஜூலியன் ஆல்ஃபிரட். ஆனால் 14 வயதில் அவர் பயிற்சிக்காக ஜமைக்கா போனார், பிறகு அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகம். திறமை ஊரில் பிறக்கிறது, அதை வளர்க்கும் இடம் வேறெங்கோ இருக்கிறது. இந்த ஒரு வரிதான் என் இரண்டாவது கட்டுரையைத் தூக்கி நிறுத்தியது.

நம் நாட்டையும் சேர்த்தேன். மலேசியா ஏழை நாடு இல்லை, ஆனாலும் 2024 வரை ஒலிம்பிக் தங்கம் இல்லை. புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த பூப்பந்து வீரர் லீ சோங் வெய் மூன்று முறை வெள்ளியோடு திரும்பினார். பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட் எட்டு முறை ஸ்குவாஷ் உலக வெற்றியாளர். அவர் விளையாடிய காலம் முழுவதும் ஸ்குவாஷ் ஒலிம்பிக்கிலேயே இல்லை, 2028இல்தான் நுழைகிறது. எந்த விளையாட்டைச் சேர்ப்பது என்று முடிவு செய்பவர் யார் என்பதும் சமமின்மையின் ஒரு பகுதி என்று இதிலிருந்து எழுதலாம்.

அப்புறம் நேரம். மின்னஞ்சல் ஒன்று, கட்டுரை ஒன்று என இரண்டு கேள்விகள் உள்ள எழுத்துத் தாளுக்கு 75 நிமிடம். மின்னஞ்சலை 25 நிமிடத்தில் முடித்துவிட்டு, மிச்சத்தைக் கட்டுரைக்கு வைத்தேன். கட்டுரைக்கு 250 சொல்தான் குறைந்தபட்சம் என்பதால் எல்லாச் சான்றுகளையும் திணிக்காதீர்கள். இரண்டு போதும்: ஒன்று தலைப்பை ஆதரிப்பது, ஒன்று அதை அசைப்பது. கடைசியில் தேர்வுக்கென நான் வைத்துக்கொண்டவை பிரிட்டனும் கென்யாவும்.