அறுப்பு மெஷின் வரிசை: ஒரு நாட்குறிப்பு

செப்டம்பர் 2, மன்னார்குடி

புது வேலை. பக்கத்து ஊர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு அறுப்பு மெஷின் வாடகைப் பதிவைப் போனுக்குக் கொண்டுவர வேண்டும். சொந்தமாக இரண்டு டயர் வண்டி, சேற்றிலும் புதையாமல் ஓடும் ஒரு பெல்ட் வண்டி. சீசனில் வெளிமாவட்ட வண்டிகளையும் பேசிப் பிடித்துக்கொள்கிறார்கள். சிஇஓ சொன்னது இவ்வளவுதான்: "முதல்ல பதிஞ்சவருக்கு முதல்ல வண்டி. அத யாரும் மாத்த முடியாதபடி பண்ணிக் கொடுங்க சார், போதும்." போன வருஷம் சிபாரிசுப் பேச்சில் பொதுக்குழுவே ரகளையாகிவிட்டதாம்.

கேட்பது நியாயம்தான். ஆனால் இவ்வளவு சுலபமான வேலைக்கு, வண்டி வரிசையை எழுதும் அண்ணன் ஒருவர் சீசன் முழுக்கத் தூக்கம் கெட்டு நோட்டும் கையுமாக ஏன் உட்கார்ந்திருக்கிறார்? அவரைப் பார்க்காமல் சாஃப்ட்வேர் படத்தில் ஒரு கட்டம்கூட வரைவதாக இல்லை.

செப்டம்பர் 4

நோட்டைப் பார்த்தேன். காலிகோ அட்டை போட்ட நீள நோட்டு. பக்கத்துத் தலைப்பில் தேதி இல்லை, வாய்க்கால் பெயர்தான் இருக்கிறது. அதன் கீழே ஆள் பெயர், அப்பா பெயர், தெரு, எத்தனை மா (இந்தப் பக்கத்து நில அளவு), நட்ட நாள். ஓரத்தில் பென்சிலில் அம்புக்குறிகள், ஒரு பெயரிலிருந்து இன்னொரு பெயருக்கு. சில அம்புகள் அழிக்கப்பட்டு மறுபடி போடப்பட்டிருக்கின்றன.

"இது என்னண்ணே?"

"இவரு வயலு நடுவுல கெடக்கு தம்பி. ரோட்டோரத்து வயல அறுத்தாத்தான் மெஷினு உள்ள போவும். இவரு முன்னாடியே பேரு கொடுத்து என்ன பண்றது? பறந்தா போவும்?"

அவ்வளவுதான் விஷயம். அடுத்தவர் கதிரை மிதித்துக்கொண்டு வண்டி போக முடியாது. ரோட்டோரக்காரர் பத்து நாள் பிந்தி நட்டிருந்தால், உள்வயலில் நெல் முற்றி நின்றாலும் காத்திருக்க வேண்டியதுதான். ஆபீஸில் சொன்ன விதி ஆட்களை வரிசையில் நிறுத்துகிறது. நோட்டு வயல்களை நிறுத்துகிறது. சிபாரிசு என்று பொதுக்குழுவில் கத்தினார்களே, அதில் பாதி இந்த அம்புக்குறியாகத்தான் இருந்திருக்கும் (மீதிப் பாதி சிபாரிசுதான், அதை அண்ணனே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டார்).

செப்டம்பர் 5

ராத்திரி வரைய உட்கார்ந்தேன். எந்தத் தகவல் எதோடு ஒட்டும் என்று படம் போட, பீட்டர் சென் 1976-இல் எழுதிய கட்டுரையில் வந்த முறைதான் இன்றும் கை கொடுக்கிறது: பொருளுக்குச் செவ்வகம், உறவுக்குச் சாய்சதுரம். சிஇஓ சொன்னபடி போட்டால் விவசாயி, வண்டி, நடுவில் பதிவு. அழகான படம், ஒரு வண்டியும் வயலில் இறங்காது.

நோட்டின்படி போட்டால் 'வயல்' தனிச் செவ்வகம். அதிலிருந்து கிளம்பும் ஒரு கோடு அதற்கே திரும்பி வருகிறது: இந்த வயலுக்கு அந்த வயல் வழியாகத்தான் போக வேண்டும். அண்ணனின் பென்சில் அம்பு இதுதான்.

ஆளையும் வயலையும் நேரே முடிச்சுப் போடவும் கூடாது. குத்தகை உண்டு, கோயில் நிலம் உண்டு, அண்ணன் தம்பி நாலு பேர் கூட்டுப் பட்டாவில் ஒருவர் மட்டும் பயிர் வைப்பதும் உண்டு. குறுவையில் ஒருவர், தாளடியில் வேறொருவர். அதனால் நடுவில் 'சாகுபடி' என்று ஒன்றை வைத்தேன். ஒரு வயல், ஒரு பருவம், ஒரு ஆள், ஒரு ரகம், ஒரு நட்ட நாள். மெஷின் பதிவு ஆளோடு இல்லை, சாகுபடியோடு ஒட்டும். முன்பு காசு கொடுத்து வாங்கிய ஒரு சாஃப்ட்வேரில் ஒரு உறுப்பினருக்கு ஒரு சர்வே நம்பர்தான். அதில் குத்தகைக்காரர் அறுத்ததற்கு ரசீது சென்னையில் இருக்கும் நிலக்காரர் பெயரில் வந்ததாம். இப்போது அது கணக்கர் அக்காவின் கம்ப்யூட்டரில் ஐகானாக மட்டும் இருக்கிறது.

செப்டம்பர் 6

அடங்கலில் (கிராமத்துச் சாகுபடிக் கணக்கில்) ஹெக்டேர், வாயில் மா. மூணு மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. திரையில் மா என்றே கேட்கலாம், உள்ளே மாற்றிக்கொள்வது சாஃப்ட்வேரின் வேலை. போன் நம்பரை வைத்து ஆளை அடையாளம் காணும் யோசனையைக் கைவிட்டாயிற்று. பாதிப் பேருக்கு ஓடிபி சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத்தான் போகிறது.

செப்டம்பர் 10

சாஃப்ட்வேர் செய்யும் முறை பற்றிய வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையில் தேவை, வடிவமைப்பு, நிரல், சோதனை என்று படிப்படியாக இறங்கும் படம் இருக்கிறது. அதை அப்படியே செய்தால் ஆபத்து என்று அவரே எழுதியிருந்தார். புதுவகை வேலையை முதலில் ஒருமுறை சின்னதாகச் செய்து பார்க்கவும் சொன்னார். படத்தை மட்டும் உலகமே பிடித்துக்கொண்டது.

அதனால் கோடிங்குக்கு முன்னால் இன்று அட்டை ஆட்டம். ஒரு வாய்க்காலின் வயல்களை அட்டையில் எழுதி மேஜையில் பரப்பினோம். சிஇஓ, அண்ணன், அக்கா, ஒரு டிரைவர். முதலில் பதிந்தவரை முதலில் எடுங்கள் என்றேன். மூன்றாவது அட்டையிலேயே வண்டி மாட்டிக்கொண்டது. சிஇஓ கொஞ்ச நேரம் அட்டைகளையே பார்த்தார். "சரி, வழி இருக்கற வயலுக்குள்ள மட்டும் முதல்ல பதிஞ்சவருக்கு முதல்ல." இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை நாளும்.

அண்ணனுக்கு முகம் வாடிவிட்டது. "அப்ப நான் எதுக்கு தம்பி?" அம்பு போடுகிற, அழிக்கிற அதிகாரம் அவருக்கே. எந்த அம்பை, எப்போது, ஏன் மாற்றினார் என்பது மட்டும் எல்லோர் போனிலும் தெரியும். அவருக்கு இது முழுக்கப் பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டியதும் இல்லை.

செப்டம்பர் 19

ராத்திரி நல்ல மழை. டயர் வண்டி கேட்டிருந்தவர்களெல்லாம் காலையில் பெல்ட் கேட்கிறார்கள். பெல்ட்டுக்கு மணிக்கணக்கு வாடகை கூடுதல். ஆக, வண்டி வகையைப் பதியும்போதே பூட்டக் கூடாது, வயலில் இறங்கும் அன்று காலையில்தான் முடிவாக வேண்டும். டிரைவர் இதை அட்டை ஆட்டத்தன்றே முணுமுணுத்தார்.

செப்டம்பர் 24

ஒரு வாய்க்காலுக்கு மட்டும் ஓடவிட்டோம். ஒரு பெரியவர் ஆபீஸுக்கு வந்து, தனக்கு ஏன் தள்ளிப்போகிறது என்றார். அக்கா திரையைக் காட்டினார்: 'வடக்கு வயல் அறுக்கவில்லை.' சண்டை போடுவார் என்று பார்த்தால், நேரே வடக்கு வயல்காரரிடம் போய்ப் பேசி, வண்டி போகிற அகலத்துக்குக் கையால் அறுத்து வழிவிடச் சம்மதம் வாங்கி வந்துவிட்டார்.

என் படத்தில் அம்பு இருக்கும் அல்லது இருக்காது. சம்மதத்தோடு ஒரு தடவை மட்டும் திறக்கும் வழிக்கு இடமில்லை. அதைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே அக்கா கேட்டார்: "அந்தக் கையறுப்புக் கூலி யாரு கணக்குல தம்பி?" பெரியவர் கம்பெனி என்கிறார், சிஇஓ பெரியவர் என்கிறார். நாளை காலை பத்து மணிக்கு மறுபடி அட்டை, வடக்கு வயல்காரரையும் வரச் சொல்லியிருக்கிறது.