மப்பும் மந்தாரமும் ஒரு கேமராவும்

டிசம்பர் 27

காலை ஒன்பதாகியும் அறையில் விளக்கு எரிகிறது. வெளியே மப்பும் மந்தாரமுமாக இருக்கிறது, சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியவில்லை. மரத்தில் இலை இல்லை, தரையில் நிழல் இல்லை. இந்த மாதிரி நாட்களில் கேமராவைப் பைக்குள் போட்டு மூடிவிட்டு வசந்தம் வரட்டும் என்று இருந்துவிடுவதுதான் வழக்கம். எனக்கு அதில் சம்மதமில்லை. மேகம் மூடிய வானம் எந்த ஸ்டுடியோவிலும் கட்ட முடியாத அளவு பெரிய சாஃப்ட்பாக்ஸ், அதாவது விளக்கொளியை மென்மையாக்கும் வெள்ளைத்துணிப் பெட்டி. ஒளி நாலாபக்கமிருந்தும் வருவதால் முகத்தில் கூரான கருநிழல் விழாது, ஈர இலையின் நிறம் வெயிலில் வெளிறிப்போவது போல் போகாது. தொல்லை எல்லாம் அந்த வானத்தையே படத்துக்குள் சேர்க்கும்போதுதான். மேல் பாதி முழுக்க வெறும் வெள்ளையாக நிற்கும், பார்ப்பவர் கண் நேரே அங்கேதான் போகும்.

அதனால் இந்தக் குளிர்காலத்துக்கு ஒரே விதி: ஃபிரேமில் வானம் கூடாது. பனிமூட்டத்துக்கும் சாயங்கால நீலத்துக்கும் மட்டும் விலக்கு.

டிசம்பர் 29

ராத்திரி முழுக்கத் தூறல். காலையில் நின்றதும் கிளம்பிவிட்டேன், காய்ந்துவிட்டால் பிரயோஜனமில்லை. மரப்பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும் லைக்கன்கள் (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்கள்) காய்ந்திருக்கும்போது வெளுத்த சாம்பல் நிறத்தில் பொருக்கு போலக் கிடக்கும், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஈரம் பட்டதும் மேல்தோல் ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகி, உள்ளே இருக்கும் பாசியின் பச்சை வெளியே தெரிய ஆரம்பிக்கும். இன்று ஒரு பட்டையில், பொடிப் பொருளைக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸை வைத்துப் பார்த்தால், ஓரங்கள் சுருண்ட பச்சை மடல்கள், நடுநடுவே குட்டிக் கிண்ணங்கள், ஒரு கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர். எல்லாம் கட்டைவிரல் நகம் அளவு இடத்துக்குள்.

போலரைசரை, அதாவது லென்ஸ் முன்னால் மாட்டித் திருப்பும் பளபளப்பு குறைக்கும் ஃபில்டரை, நீலவானத்துக்கு மட்டும் என்று வைத்திருப்பவர்கள் இந்த மாதிரி நாளில் ஒருமுறை மாட்டிப் பார்க்க வேண்டும். ஈரமான இலையிலும் கல்லிலும் படிந்திருக்கும் வெள்ளைப் பளபளப்பு மெதுவாகத் திருப்பத் திருப்ப அடங்கி, அடியில் இருக்கும் நிறம் எழும்பி வரும். பதிலுக்கு ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போய்விடும் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது), ஏற்கெனவே வெளிச்சம் கம்மி, அதனால் கேமரா முக்காலி (டிரைபாட்) இல்லாமல் ஆகாது. முக்காலி தூக்க அலுப்புப்படுகிறவர்கள் கேமராவின் ஒளியுணர்திறனான ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்ளலாம். நான் தூக்குகிற கட்சி.

ஜனவரி 3

பனிமூட்டம்! இதற்காகத்தான் காத்திருந்தேன். வழக்கமாகப் பின்னணியில் வந்து கெடுக்கும் கம்பி, கம்பம், சுவர், நிறுத்திவைத்த வண்டி எல்லாவற்றையும் பனி விழுங்கிவிட்டது. முன்னால் ஒரு மரம் கருப்பாக, அடுத்தது சாம்பலாக, அதற்கடுத்தது இருக்கிறதா இல்லையா என்கிற அளவில். இலையுதிர்ந்த மரத்தின் கிளையமைப்பு இப்போது தெரிகிற மாதிரி வேறெப்போதும் தெரியாது.

கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தர சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். ஆகவே வெள்ளைப் பனியையும் அழுக்குச் சாம்பலாக இறக்கிவிடும். எக்ஸ்போஷரை +1 வரை ஏற்றினால் பனி பனியாக வரும். உறைபனி படர்ந்த புல்வெளிக்கும் இதே கணக்குதான். ஆட்டோஃபோகஸ் பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். கையால் ஃபோகஸ் செய்வது நிம்மதி. பனி நிற்கிற நேரம் பெரும்பாலும் காற்று இருக்காது என்பதால் ஷட்டர் மெதுவாக இருந்தாலும் கிளை ஆடுமோ என்ற பயமில்லை.

ஜனவரி 4

வெளியே போகவில்லை. சும்மா இருந்தேன்.

ஜனவரி 8

விடாத மழை. ஜன்னலோடு சரி. ஆனால் ஜன்னலைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முதல் உலகப் போரில் வலது கையை இழந்த செக் புகைப்படக் கலைஞர் ஜோசப் சூடெக், நாஜி ஆக்கிரமிப்புக் காலத்தில், 1940 முதல், ப்ராக் நகரில் தன் ஸ்டுடியோ ஜன்னலையே எடுக்க ஆரம்பித்தார். பனித்த கண்ணாடி, நீர் வழிந்த கோடுகள், அதற்கப்பால் முற்றத்தில் ஒரு கோணல் மரம். வருடக்கணக்காக அதே ஜன்னல்தான், ஆனால் ஒவ்வொரு படமும் வேறு.

நான் சொட்டுகளைப் பிடித்துக்கொண்டேன். கண்ணாடியில் நிற்கும் ஒவ்வொரு சொட்டும் குவிலென்ஸ், எதிரே இருப்பதைத் தலைகீழாகக் காட்டும். சொட்டின் விளிம்பில் ஃபோகஸ் வைத்தால் உள்ளே இருக்கும் காட்சி மங்கும். ஃபோகஸைக் கேமராப் பக்கமாக ஒரு நூலிழை நகர்த்தினால் கூரையும் மரமும் தலைகீழாக, பொடியாக, கூர்மையாக வந்து உட்காரும். கொஞ்சம் பொறுமை வேண்டும், சொட்டு ஓடிவிடும்.

ஜனவரி 15

இதே தேதியில், 1885ல், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தின் ஜெரிக்கோவில் வில்சன் பென்ட்லி மைக்ரோஸ்கோப்போடு துருத்தி போல நீளும் பெல்லோஸ் கேமராவை இணைத்து ஒரு பனிப்படிகத்தை முதன்முதலாகப் படம் எடுத்தார். வயது 19. விவசாயி வீட்டுப் பையன். அதன்பிறகு வாழ்நாளில் 5000க்கும் மேல் எடுத்துத் தள்ளினார். ஊரே குளிரைத் திட்டிக்கொண்டிருக்கும் மாதங்கள்தான் அந்த மனிதருக்கு அறுவடைக் காலம் என்று நினைத்துக்கொள்வேன்.

இன்று உறைபனி. ஒரு காய்ந்த இலையின் ஓரம் முழுக்க ஊசி ஊசியாக நின்றது, நரம்புகளின் மேல் மட்டும் அடர்த்தியாக. மூச்சுக்காற்று பட்டாலே உருகிவிடும், அதனால் கிட்டே போகும்போது மூச்சைப் பக்கவாட்டில் விட்டேன். மாற்று பேட்டரியை உள்சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், குளிரில் லித்தியம் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும். அப்புறம், வீட்டுக்குள் நுழையும் முன்பே கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டிவிட வேண்டும். வீட்டுக் காற்றில் இருக்கும் ஈரம் பையின் வெளிப்பக்கம் படியும், லென்ஸ் தப்பிக்கும்.

ஜனவரி 17

நாள் முழுக்க ஒன்றும் அமையாவிட்டாலும் சாயங்காலம் ஒரு வாய்ப்பு உண்டு. சூரியன் இறங்கிய பிறகு, மேகம் மூடியிருந்தாலும், எல்லாம் நீலமாகும் ஒரு சிறிய இடைவெளி வரும். வளிமண்டல ஓசோன் ஆரஞ்சு, மஞ்சள் ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் இதற்கு ஒரு காரணம். ஜன்னல் விளக்குகளும் வானமும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் இருக்கும் அந்த நேரம் போய்விட்டால் வானம் கறுத்துவிடும். நிறத்தைச் சமன்செய்யும் வொயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் பகல் ஒளியில் பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் அந்த நீலத்தைக் கேமராவே சரிசெய்கிறேன் என்று துடைத்துவிடும்.

ஜனவரி 22

மறுபடியும் அதே சாம்பல். இன்று வீட்டுக்குள்ளேயே வானவில். மானிட்டரை முழு வெள்ளையாக்கி, லென்ஸில் போலரைசரை மாட்டித் திரை கறுக்கும் வரை திருப்பினேன். எல்சிடி திரையிலிருந்து வருவதே துருவப்பட்ட ஒளி, அதாவது ஒரே திசையில் அதிரும் ஒளி என்பதால் ஒரு கட்டத்தில் முழுக்க அணைந்துபோகும். நடுவில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்றைப் பிடித்தால் போதும், வார்க்கும்போது உள்ளே தங்கிப்போன இறுக்கம் எல்லாம் ஊதா, பச்சை, மஞ்சள் பட்டைகளாகத் தெரியும். மூலைகளிலும் ஓட்டையைச் சுற்றியும்தான் நெருக்கம் அதிகம்.

செலோபேன் டேப்பைக் கண்ணாடித் துண்டில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினால் இன்னும் விசேஷம், அடுக்கு கூடக் கூட நிறம் மாறும். எல்லா டேப்பிலும் இது வராது, வீட்டில் இருப்பதையெல்லாம் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். போலரைசர் இல்லாதவர்கள் போலராய்டு கூலிங் கிளாஸை ஃபோன் கேமராவுக்கு முன்னால் பிடித்தாலும் வேலை நடக்கும், திரையில் படிந்திருக்கும் தூசியை மட்டும் முதலில் துடைத்துவிடுங்கள், அது அத்தனையும் படத்தில் தெரியும்.