மேப்பிள் லீஃப்ஸின் முதல் வெற்றியும் வாங்கிய ஐந்து கோல்களும்

2023 ஒக்டோபர் 11ஆம் திகதி இரவு டொரொன்டோவில் தொடங்கி, இங்கே மாத்தளையில் மறுநாள் வியாழக்கிழமை விடிவதற்குள் நான் பார்த்த ஐஸ் ஹொக்கி ஆட்டத்தில், டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ் அணி மொன்ட்ரியல் கனேடியன்ஸ் அணியை 6க்கு 5 என்ற கணக்கில் வென்றது. 82 ஆட்டங்கள் கொண்ட பருவகாலத்தின் முதல் ஆட்டம் அது. மூன்றாவதும் கடைசியுமான பகுதியில் 3க்கு 5 எனப் பின்தங்கிக் கிடந்த அணி, ஒஸ்டன் மெத்யூஸ் அடித்த இரண்டு கோல்களால் கணக்கைச் சமப்படுத்தி, மேலதிக நேரத்தைத் தாக்குப்பிடித்து, பெனால்டி ஷூட்அவுட்டில் மிட்ச் மார்னரின் கோலால் கரையேறியது. மூன்று நாட்களுக்குப் பின், நவராத்திரி தொடங்கிய ஞாயிறு அதிகாலையில், மினசோட்டா வைல்ட் அணியையும் 7க்கு 4 என்று வென்றுவிட்டார்கள். இரண்டாவது வெற்றி பார்ப்பதற்குச் சுலபமாக இருந்தது. ஆனால் இந்த அணி எப்படிப்பட்டது என்பதை முதல் வெற்றிதான் கூடுதலாகக் காட்டியது என்பது என் எண்ணம்.

பனிக்கட்டியே இல்லாத ஊரில் இருப்பவனுக்கு ஐஸ் ஹொக்கியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்பதுண்டு. ஜனவரியில் நுவரெலியாவில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும்போது காண்பதுதான் நமக்குத் தெரிந்த பனி. ஆனால் மாத்தளை ஹொக்கி ஊர். தேசிய அணிக்குத் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்களை அனுப்பிய ஊர் இது. நானும் பாடசாலைக் காலத்தில் பின்வரிசையில் மட்டையைப் பிடித்து நின்றவன்தான். அக்கா குடும்பம் டொரொன்டோவின் ஸ்காபரோவில் குடியேறிய பிறகு, மருமகன் அனுப்பிய காணொளிகள் வழியாகப் பனித்தள ஆட்டம் எனக்கு அறிமுகமானது. புல்தரையில் மட்டையின் தட்டையான பக்கத்தால் மட்டுமே பந்தைத் தொடலாம். அங்கே இரு பக்கமும் ஆடலாம். இங்கே கோல் காப்பாளரோடு 11 பேர், அங்கே ஆறு பேர். ஒருவர் முக்கால் நிமிடம் முழு மூச்சாக ஓடிவிட்டு வெளியேற, அடுத்தவர் ஆட்டம் நிற்காமலேயே வேலியைத் தாண்டி உள்ளே குதிக்கிறார். வேகம் வேறு என்றாலும், கோலுக்கு முன்னால் யார் எந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பதில்தான் இரண்டு ஆட்டங்களும் தீர்மானமாகின்றன. பின்வரிசையில் ஆடியவனுக்கு அது கண்ணில் பட்டுவிடும்.

அந்தச் சமநிலைக் கோலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஆட்டம் முடிய ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரமே இருந்தது. அப்போதைய பயிற்றுவிப்பாளர் ஷெல்டன் கீஃப் கோல் காப்பாளர் சம்சோனோவை வெளியே அழைத்து, அவருக்குப் பதிலாக ஆறாவது தாக்குதல் ஆட்டக்காரரை இறக்கியிருந்தார். சொந்தக் கோல் காவலின்றித் திறந்து கிடக்கிறது. எதிரணி எங்கிருந்து பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான வட்டை, தட்டிவிட்டாலும் அது உருண்டுபோய் உள்ளே விழலாம். புல்தரை ஹொக்கியிலும் கடைசி நிமிடங்களில் இதைச் செய்கிறார்கள் என்பதால் அந்தப் பதைப்பு எனக்குப் புதிதல்ல. ஆனால் 61 மீற்றர் நீளமே உள்ள பனித்தளத்தில், ஒரு தவறான பாஸ் கண் இமைக்கும் நேரத்தில் மறுமுனைக்குப் போய்விடும். ஆகவே ஆறு பேரில் ஒருவர்கூட அவசரப்படக் கூடாது. பக்கைக் கைக்குக் கை மாற்றி, எதிரணியின் ஐந்து பேரையும் கோலுக்கு முன்னால் நெருக்கி நிற்கவைத்து, யாராவது ஒருவர் ஓரடி விலகும்வரை காத்திருக்க வேண்டும். லீஃப்ஸ் அதைச் செய்தார்கள். பதற்றத்தில் தூரத்திலிருந்து அடித்துப் பார்க்கும் பழைய பழக்கம் அந்த நிமிடங்களில் இல்லை.

மெத்யூஸ் கோல் அடிக்கும் முறையை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் நுணுக்கம் தெரியும். அவர் நேராக அடிப்பது குறைவு. பக்கை மட்டையின் நுனியால் தன் கால்களை நோக்கி இழுத்து, தடுக்க வரும் ஆட்டக்காரரின் மட்டை எட்டாத கோணத்துக்குக் கொண்டுவந்து, அந்த இழுவை முடியும் கணத்திலேயே மணிக்கட்டால் தெறிக்கவிடுகிறார். தடுப்பவரின் உடலே கோல் காப்பாளரின் பார்வையை மறைத்துவிடுகிறது. காப்பாளர் பழைய கோணத்துக்கு ஏற்ப நின்றிருப்பார். பக் வேறு கோணத்திலிருந்து புறப்பட்டிருக்கும். 170 கிராம் எடையுள்ள அந்த றப்பர் வட்டு, துள்ளாமல் வழுக்குவதற்காக முன்கூட்டியே குளிரூட்டப்பட்டது. அவருடைய மட்டையில் அது ஒட்டிக்கொண்டு வருவதுபோலத் தெரியும். அரிசோனாப் பாலைவனத்தில் வளர்ந்த ஒருவருக்கு இந்தக் கை வாய்த்திருப்பது எனக்கு இன்றும் வியப்புத்தான். 1996இல் வின்னிபெக் அணி அங்குள்ள பீனிக்ஸ் நகருக்கு இடம்பெயர்ந்திராவிட்டால், அந்தச் சிறுவன் ஐஸ் ஹொக்கியைப் பார்த்திருப்பானா என்று சில சமயம் யோசிப்பேன்.

முன்னைய ஏழு பருவங்களில் 299 கோல்கள் அடித்திருந்த அவர், மொன்ட்ரியலுக்கு எதிராக மூன்று கோல்கள் போட்டு 300ஐத் தாண்டினார். மினசோட்டாவுக்கு எதிராகவும் மூன்று. பருவத்தின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் ஹட்ரிக் அடித்தவர்கள் தேசிய ஹொக்கி லீக்கின் வரலாற்றிலேயே விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். மெத்யூஸுக்கு முன் கடைசியாக அதைச் செய்தவர் 2017இல் அலெக்ஸ் ஓவெச்கின். 2021-22 பருவத்தில் 60 கோல்கள் அடித்த மெத்யூஸ், சென்ற பருவத்தில் 40 கோல்களோடு நின்றபோது, அவருடைய கை தளர்ந்துவிட்டதோ என்று நானும் கவலைப்பட்டேன். அந்தக் கவலை இப்போது இல்லை.

முதல் வெற்றி வந்ததும் மருமகன் அழைத்தான். "என்ன மாமா, முழிச்சிருந்து பார்த்தீங்களா? ஐந்துக்கு மூன்று ஆனதும் தூங்கியிருப்பீங்கன்னு நினைச்சேன்" என்றான். அவனுக்கு மொன்ட்ரியலை வென்றதே போதும். ஸ்காபரோவில் வளரும் பிள்ளைகளுக்கு அந்தப் போட்டியுணர்வு பள்ளியிலேயே ஏறிவிடுகிறது. லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை மொன்ட்ரியல் 24 தடவைகள் வென்றிருக்கிறது, டொரொன்டோ 13. டொரொன்டோ கடைசியாக வென்றது 1967இல், அதுவும் இதே மொன்ட்ரியலைத் தோற்கடித்து. அதன் பின்னர் இன்றுவரை கிண்ணம் அந்த நகரத்துக்குத் திரும்பவில்லை என்பது அங்குள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்த துயரம்.

இந்தப் பருவத்தின் முதல் வெற்றியை நான் மதிப்பதற்குக் காரணம் கடந்த வசந்த காலம். ஏப்ரலில் டம்பா பே அணியை ஆறு ஆட்டங்களில் வீழ்த்தி, 2004க்குப் பிறகு முதன்முறையாக, பருவ முடிவில் கிண்ணத்துக்காக ஆடும் பிளேஓஃப் சுற்று ஒன்றைக் கடந்தார்கள். ஆறாவது ஆட்டத்தில் ஜோன் டவாரஸ் மேலதிக நேரத்தில் அடித்த கோலை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. அடுத்த சுற்றில் புளோரிடாவிடம் ஐந்து ஆட்டங்களில் தோற்றார்கள். அந்த ஐந்து ஆட்டங்களில் ஒன்றில்கூட லீஃப்ஸ் இரண்டு கோல்களுக்கு மேல் அடிக்கவில்லை. இவ்வளவு பணமும் திறமையும் முன்வரிசையில் குவிந்திருக்கும் அணி, ஒரு கோல் கட்டாயம் தேவைப்பட்ட கடைசி நிமிடங்களில் வெறுங்கையோடு நின்றது. அதை நேரில் கண்ட ரசிகனுக்கு, பொறுமை குலையாமல் வந்த இந்தச் சமநிலைக் கோல் வெறும் இரண்டு புள்ளிகளுக்கான கணக்கு அல்ல.

அதே காரணத்துக்காகவே வாங்கிய ஐந்து கோல்களை என்னால் ஒதுக்கித்தள்ள முடியவில்லை. மொன்ட்ரியலுக்காக முதல் ஆட்டம் ஆடிய அலெக்ஸ் நியூஹுக் ஒருவரே இரண்டு கோல்கள் அடித்தார். சென்ற பருவத்தில் பட்டியலின் அடிப்பகுதியில் இருந்த மொன்ட்ரியலே ஐந்து அடித்தது, மினசோட்டா நான்கு. இரண்டு ஆட்டங்களில் ஒன்பது கோல்கள் வாங்கியிருக்கிறோம். சம்சோனோவை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. புதிதாக வந்த பின்வரிசை ஆட்டக்காரர் ஜோன் கிளிங்பேர்க் பக்கை முன்னே கொண்டுசெல்வதில் வல்லவர். ஆனால் ஆட்டம் பின்னோக்கித் திரும்பும்போது கோலுக்கு முன்னாலுள்ள இடத்தை அவர் எதிரணிக்கு எளிதாக விட்டுக்கொடுக்கிறார். மார்க் ஜியோர்டானோவுக்கு இம்மாதம் 40 வயது நிறைந்துவிட்டது. அவருடைய அறிவு குறையவில்லை, ஆனால் இவ்வளவு நீண்ட பருவத்தை அவர் கால்கள் சுமக்குமா என்பது வேறு கேள்வி. மோர்கன் ரீலியையும் பிரோடியையும் தவிர்த்தால், ஒரு கோல் முன்னிலையைக் காக்க வேண்டிய கடைசி நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய மூன்றாவது ஆள் ஜேக் மெக்கேப் மட்டுமே. வசந்த காலத்தில் யாரும் நமக்கு ஆறு கோல்கள் அடிக்க இடம் தரமாட்டார்கள். இரண்டு கோல்களே கிடைக்கும் இரவுகளில் ஒன்றோடு எதிரணியை நிறுத்தத் தெரிய வேண்டும். புளோரிடாவுக்கு எதிராக நாம் வென்ற ஒரே ஆட்டம் அப்படி 2க்கு 1 என்று முடிந்ததுதான்.

இதை மருமகனிடம் சொன்னேன். "முதல் வாரத்திலேயே ஏப்ரலைப் பற்றிப் பேசாதீங்க மாமா" என்றான். சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் சந்தோஷப்படத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மாத்தளையில் பின்வரிசையில் நின்று பெனால்டி கோணர்களை எதிர்கொண்டு வளர்ந்தவனுக்கு, எதிரணியின் கோல்களை மறந்துவிட்டு நம்முடைய கோல்களை மட்டும் எண்ணத் தெரியாது.

செவ்வாய் அதிகாலை சிக்காகோ பிளக்ஹோக்ஸ் டொரொன்டோவுக்கு வருகிறது. 2023ஆம் ஆண்டின் புதிய ஆட்டக்காரர் தெரிவில் முதலாவதாக எடுக்கப்பட்ட, 18 வயதே ஆன கொனர் பெடார்டை எல்லோரும் பார்ப்பார்கள். அவரும் மெத்யூஸைப் போலவே மட்டையை உள்ளிழுத்துக் கோணம் மாற்றி அடிப்பவர். அவர் பக்கோடு உள்ளே வரும்போது கிளிங்பேர்க் எங்கே நிற்கிறார் என்பதைத்தான் நான் பார்க்கப்போகிறேன்.